16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த பெரிய வரலாற்று நிகழ்வுகளில், நாம் அதிகம் பேசாத ஒன்று எது?

1592 முதல் 1598 வரை கொரியாவில் நடந்த போர். கொரியர்கள் இதை இம்ஜின் போர் என்பார்கள். அந்தக் காலம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது, 1588இல் இங்கிலாந்தைத் தாக்கக் கிளம்பிய ஸ்பானிய அர்மடா கடற்படை. அதில் இருந்தவை சுமார் 130 கப்பல்கள், ஏறக்குறைய 30,000 பேர். நான்கு வருடம் கழித்து ஜப்பான் கொரியாவில் இறக்கிய படையில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஜப்பான், கொரியா, சீனா மூன்றும் இதில் மோதின. இதைப் பற்றித் தமிழில் இன்னும் நிறைய எழுத வேண்டும் என்பது என் ஆசை.

டொயோடோமி ஹிதேயோஷி எளிய குடும்பத்தில் பிறந்து படிப்படியாக மேலே வந்தவர். 1590இல் ஜப்பான் முழுவதும் அவர் கைக்குள் வந்துவிட்டது. அடுத்து மிங் வம்சம் ஆண்ட சீனாவைப் பிடிக்க நினைத்தார். அதற்குப் போகும் வழி கொரியா. "வழி விடு" என்று கேட்டார். மிங் பேரரசைத் தனக்கு மேலானதாக ஏற்றிருந்த கொரியா மறுத்துவிட்டது.

இதற்கு நடுவில் நடந்த ஒரு சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். 1590இல் ஜப்பானுக்குப் போன கொரியத் தூதர்கள் அடுத்த வருடம் திரும்பினார்கள். போர் நிச்சயம் வரும் என்றார் தலைமைத் தூதர். வராது என்றார் துணைத் தூதர். இருவரும் அரசவையில் எதிரெதிர் அணிகளைச் சேர்ந்தவர்கள். துணைத் தூதரின் பேச்சுதான் எடுபட்டது. அவருடைய அணியைச் சேர்ந்த அமைச்சர் ரியூ சோங்ரியோங் தனியே விசாரித்தபோது, மக்கள் பீதியடைவார்கள் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்றாராம். போர் முடிந்த பிறகு ரியூவே இதை எழுதி வைத்திருக்கிறார்.

1592 மே மாதம் ஜப்பானியப் படை புசானில் இறங்கியது. மூன்றே வாரத்தில் தலைநகரம், அதாவது இன்றைய சியோல், விழுந்தது. அப்புறம் பியோங்யாங்கும் போனது. மன்னர் சோன்ஜோ வடக்கே சீன எல்லைவரை ஓடினார். போர்த்துக்கீசியர் வழியாக வந்த துப்பாக்கியை ஜப்பானியர்கள் அரை நூற்றாண்டாகச் சொந்தமாகச் செய்து பழகியிருந்தார்கள். தரையில் அவர்களுக்கு ஈடுகொடுக்கக் கொரியாவால் முடியவில்லை.

ஆனால் பியோங்யாங்கைப் பிடித்த படை அதைத் தாண்டிச் சீனாவை நோக்கி நகரவில்லை. இந்தப் போரின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது என்பேன். அத்தனை பேருக்கும் சோறு வேண்டுமே. கப்பல்கள் தெற்குக் கரையைச் சுற்றி மேற்குக் கடல் வழியாக அரிசியும் ஆளும் கொண்டு வருவது என்பது திட்டம். அந்த வழியை அடைத்தவர் கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்சின். 1592 ஆகஸ்டில் ஹான்சன் தீவுக்கு அருகே, 73 ஜப்பானியக் கப்பல்களைக் குறுகிய நீரிணையிலிருந்து ஆசைகாட்டி அகன்ற கடலுக்கு இழுத்தார். நாரை சிறகை விரித்ததுபோல் தன் கப்பல்களை நிறுத்திச் சுற்றி வளைத்தார். ஜப்பானியர்கள் 59 கப்பல்களை இழந்தார்கள். தரைவழியாக உணவு கொண்டு போனால், ஊர் ஊராகத் திரண்ட தன்னார்வப் படைகளும் புத்த பிக்குகளும் மறித்துத் தாக்கினார்கள். தென்மேற்கே நெல் விளையும் ஜோல்லா பகுதியும் அந்த ஆண்டு ஜப்பானியர் கைக்குப் போகவில்லை.

யி என்றாலே எல்லோரும், ஆமை ஓடுபோல் மேலே கூரை மூடிய ஆமைக் கப்பலைத்தான் பேசுகிறார்கள். அவை ஒரு சிலவே இருந்தன. உண்மையில் உழைத்தவை தட்டையான அடிப்பாகம் கொண்ட சாதாரணப் போர்க்கப்பல்கள். நின்ற இடத்திலேயே திரும்பும், பீரங்கியின் அதிர்வைத் தாங்கும். எதிரிக் கப்பலில் தாவி ஏறிச் சண்டை போடும் ஜப்பானியர்களை நெருங்கவே விடாமல் தூரத்திலிருந்து அடிக்க அது போதுமானதாக இருந்தது.

1593 தொடக்கத்தில் மிங் படை பியோங்யாங்கை மீட்டது. பிறகு பல வருடப் பேச்சுவார்த்தை. இரு பக்கத்து இடைத்தரகர்களும் தங்கள் ஆட்சியாளரின் நிபந்தனைகளை மறைத்தே பேசினார்கள். 1596இல் சீனத் தூதர்கள் வந்து, ஹிதேயோஷியைத் தங்களுக்குக் கீழ்ப்பட்ட "ஜப்பான் மன்னர்" என்று அறிவித்தபோது குட்டு உடைந்தது. 1597இல் மறுபடியும் போர்.

அந்த வருடம் யி பட்டதைச் சொல்ல மனம் கனக்கிறது. பொறி என்று சந்தேகித்து ஒரு தாக்குதலுக்குப் போகாததால் அவரைக் கைது செய்து, சித்திரவதை செய்து, பதவியில்லாத சாதாரண வீரனாக அனுப்பினார்கள். வழியில் தாய் இறந்த செய்தி வந்தது. அவர் இடத்துக்கு வந்த வோன் கியூன் ஒரே போரில் கடற்படையை ஏறக்குறைய முழுவதும் இழந்தார். வேறு வழியின்றி யியைத் திரும்ப அழைத்தார்கள். கடற்படையைக் கலைத்துவிட்டுத் தரைப்படையில் சேரச் சொன்னபோது, "இன்னும் பன்னிரண்டு கப்பல்கள் இருக்கின்றன" என்று மன்னருக்கு எழுதினார். அப்புறம் இன்னொன்று சேர்ந்து பதின்மூன்றானது. நீரோட்டம் சீறிப் பாயும் மியோங்னியாங் நீரிணையில், அதை வைத்தே 133 போர்க்கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார்.

அடுத்த சில வாரங்களில், மூன்றாவது மகன் யி மியோன் ஊரில் ஜப்பானியரால் கொல்லப்பட்ட செய்தி வந்தது. கடிதத்தைப் பிரிக்கும் முன்பே உடல் நடுங்கியதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவருடைய வெற்றிகளைவிட அந்தப் பக்கம்தான் என்னை அதிகம் உலுக்கியது. 1598 செப்டம்பரில் ஹிதேயோஷி இறந்தார். ஜப்பானியப் படை பின்வாங்கும்போது, டிசம்பரில் நடந்த நோர்யாங் கடற்போரில் குண்டடிபட்டு யியும் இறந்தார்.

ஜப்பான் ஒரு அடி நிலம்கூடப் பெறவில்லை. கொரிய மக்கள் இழந்ததோ கணக்கில் அடங்காது. எத்தனை பேரைக் கொன்றோம் என்று காட்ட ஜப்பானிய வீரர்கள் மூக்குகளை அறுத்து உப்பிட்டு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அவற்றைப் புதைத்த மேடு கியோத்தோவில் இன்றும் இருக்கிறது. பல்லாயிரம் பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் இருந்த குயவர்களின் கைகளால்தான் ஜப்பானின் அரிதா, சத்சுமா பீங்கான்கள் உருவாயின. பலரை நாகசாகியில் அடிமைகளாக விற்றார்கள். கார்லெத்தி என்ற இத்தாலிய வணிகர் ஐந்து பேரை வாங்கிக் கோவா வரை கொண்டுவந்து விடுவித்தார். ஒருவரை மட்டும் இத்தாலிக்கு அழைத்துப் போனார்.

1607, 1617, 1624 என மூன்று முறை ஜப்பானுக்குப் போன கொரியத் தூதுக்குழுக்களுக்கு, இப்படிப் பிடிபட்டவர்களைத் தேடி ஊருக்கு அழைத்து வருவதும் ஒரு முக்கிய வேலை. அதற்குள் பலர் அங்கேயே மணமுடித்துப் பிள்ளை பெற்றிருந்தார்கள். திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான்.