மெஷின் 320 காட்டுகிறது, எடை மட்டும் ஏன் ஏறுகிறது?

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது, உயரம் 156 செ.மீ., குன்னூரில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. வாழ்க்கையில் முதல்முறையாகப் போன மாதம்தான் ஜிம்மில் சேர்ந்தேன். வாரம் 5 நாள், தினமும் 40 நிமிடம் டிரெட்மில், வேகம் 5, இன்க்ளைன் 8. முடிக்கும்போது 320 கலோரி என்று காட்டுகிறது. அரிசியைக் குறைத்துவிட்டேன். ஜிம் முடிந்து ஒரு டீயும் 2 வர்க்கியும், அவ்வளவுதான். களைப்பாக இருப்பதால் வீட்டுக்கு ஆட்டோவில் போய்விடுகிறேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் 74 கிலோ இருந்தவள் 75! அழுகையே வந்துவிட்டது. மலைமேல் குளிரில் கலோரி இன்னும் அதிகமாக எரியும் என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?
— வாசகி, மேல் குன்னூர்

பதில்: அழாதீர்கள். உங்கள் உடம்பில் கோளாறு எதுவும் இருப்பதாக இந்தக் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை, கணக்கில்தான் சில இடங்களில் ஓட்டை. கணக்கு எழுதுகிறவர் நீங்கள், சொன்னால் உடனே பிடிபட்டுவிடும்.

முதலில் அந்த 320. இன்க்ளைன் 8 என்பது லேசான விஷயம் இல்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் மலை ரயில் பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு ஏறுகிறதே, அந்தப் பாதையின் செங்குத்தும் ஏறக்குறைய அதே 8 சதவீதம்தான். புதிதாகச் சேர்ந்தவர் அதில் 5 வேகத்தில் 40 நிமிடம் நடக்கிறார் என்றால், அநேகமாக முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருப்பார். நீங்களும் அப்படித்தானே? கம்பியில் சாய்ந்த உடனே உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைக் கம்பி வாங்கிக்கொள்கிறது, மெஷினுக்கு அது தெரியாது, கையை வீசி ஏறுகிறவருக்கு உண்டான கணக்கையே போட்டுக்கொண்டிருக்கும். அது போக, அந்த 40 நிமிடம் நீங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் 50 கலோரி போயிருக்கும், மெஷின் அதையும் சேர்த்தே காட்டுகிறது. இரண்டையும் கழித்துவிட்டு 200 என்று வைத்துக்கொள்வோம், அதுவே தாராளமான கணக்கு.

20 நாளுக்கு 4,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி வேண்டும். அதாவது ஒரு மாத உழைப்புக்கு அரைக் கிலோ, அதுவும் சாப்பாட்டில் ஒரு வாய்கூட ஏறாமல் இருந்தால். இந்த உண்மையைச் சேரும் நாளிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

சரி, அந்த அரைக் கிலோவாவது எங்கே போனது? இனி வர்க்கிக்கு வருகிறேன். எனக்கும் வர்க்கி பிடிக்கும், புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், நம் ஊரின் பெருமை. ஆனால் ஒரு வர்க்கியை நியூஸ்பேப்பர் துண்டின்மேல் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துப் பாருங்கள், அடியில் வட்டமாக எண்ணெய்க் கறை படிந்திருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் காகிதமே கண்ணாடி மாதிரி தெரியும். மைதா, கொழுப்பு, சர்க்கரை, 25 கிராம் இருந்தாலே ஒன்று 100 கலோரியைத் தாண்டிவிடும். இரண்டு வர்க்கியோடு பாலும் 2 ஸ்பூன் சர்க்கரையும் போட்ட டீ, மொத்தம் 300 பக்கம். ஜிம்மில் 200 விட்டீர்கள், டீக்கடையில் 300 ஏற்றிக்கொண்டீர்கள். அரிசியைக் குறைத்த பசிதான் அந்த நேரத்தில் வர்க்கியை நோக்கிக் கையை இழுக்கிறது, இதில் உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

இன்னொரு ஓட்டை ஆட்டோ. கீழே பஸ் ஸ்டாண்டிலிருந்து மேல் குன்னூருக்கு முன்பெல்லாம் நடந்துதானே ஏறியிருப்பீர்கள்? 74 கிலோ உடம்பைச் செங்குத்தாக 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் போக ஏறக்குறைய 70 கலோரி செலவாகும், நடந்த தூரத்துக்கான செலவு அதற்குமேல் தனி. காசு கொடுத்து மெஷினில் ஏறிவிட்டு, சும்மா கிடைத்த ஏற்றத்தை விட்டுவிட்டீர்கள். சமவெளிக்காரர்களுக்கு இல்லாத வசதி நமக்கு இது! டிரெட்மில்லை 20 நிமிடமாகக் குறையுங்கள், கம்பியை விடுங்கள், அதற்காக இன்க்ளைனை 3க்கு இறக்கினாலும் பரவாயில்லை, வீட்டுக்கு நடந்து ஏறுங்கள்.

ஏறிய அந்த ஒரு கிலோ பெரும்பாலும் தண்ணீர். பழக்கமில்லாத தசை வேலை செய்தால் உள்ளே நுண்ணிய காயம் ஆகும், அது ஆறுவதற்கு நீர் கோக்கும், அந்த வலி உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்புறம் தசை தனக்கான சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் 3 கிராம் வரை தண்ணீரைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் முதல் மாதத் தராசை நம்பி முடிவெடுக்காதீர்கள். காலையில் பாத்ரூம் போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடாமல் பாருங்கள், ஒரு வாரத்துச் சராசரியை அடுத்த வாரத்தோடு ஒப்பிடுங்கள். கூடவே தையல் டேப்பால் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

குளிர் விஷயம். ஸ்வெட்டருக்குள் கதகதப்பாக இருக்கும் உடம்புக்குக் குளிரால் பெரிய செலவு எதுவும் கிடையாது, நடுங்கும் அளவுக்குக் குளிர்ந்தால்தான் கலோரி கணிசமாக எரியும், யாரும் நடுங்கி இளைக்க வேண்டாம். குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மைதான், அதில் மூச்சு வாங்குவது சென்னையிலிருந்து வந்த விருந்தாளிக்கு. இங்கேயே வாழ்பவர்களின் உடம்பு அதற்குப் பழகிவிட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை நீங்கள் எழுதவே இல்லை: வெயிட். "முதல் 3 மாதம் கார்டியோ (டிரெட்மில் மாதிரி மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி) மட்டும் போதும்" என்று புதிதாக வரும் பெண்களிடம் சொல்லும் வழக்கம் பல ஜிம்களில் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சாப்பாட்டை மட்டும் குறைத்து இளைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். வாரம் 2 நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுபோல ஸ்குவாட், லேசான டம்பெல், சுவரில் கை ஊன்றித் தண்டால், இவை போதும் ஆரம்பத்துக்கு. தட்டில் புரதம் இருக்கட்டும்: முட்டை ஒன்றில் 6 கிராம், அதோடு தயிர், சுண்டல், பச்சைப்பயறு. நம் மலையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறதே, படுகர் வீட்டுச் சமையலில் அவரை இல்லாமல் இருக்காது. நாலு மணி சுமாருக்கு ஒரு கிண்ணம் வேகவைத்த அவரையோ பட்டர் பீன்ஸோ சாப்பிட்டுவிட்டு ஜிம்முக்குப் போங்கள், வர்க்கியின் இழுப்பு தானாகக் குறையும். ஞாயிற்றுக்கிழமை ஒன்று சாப்பிடுங்கள், ரசித்துச் சாப்பிடுங்கள்.

தட்டில் 300, நடையிலும் ஜிம்மிலும் 200 என்று ஒரு நாளைக்கு 500 கலோரி குறைந்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். அதைவிட வேகம் வேண்டாம். 2 மாதம் இப்படி இருந்தும் அசையவில்லை என்றால் தைராய்டு பரிசோதனை செய்துகொண்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஸ்வெட்டரும் அதன்மேல் ஜெர்கினும் போட்டு ஓடினேன், ஒரு மணி நேரத்தில் 800 கிராம் குறைந்தது. இப்படியே தொடரலாமா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம் தம்பி. போனது வியர்வை, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். கொழுப்பு ஒரு மணி நேரத்தில் அந்த அளவுக்குக் கரையாது. வார்ம் அப் வரை ஸ்வெட்டர் இருக்கட்டும், உடம்பு சூடானதும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் தலைசுற்றி விழுவீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், இறக்கத்தில் முழங்கால் வலி. ஜிம்மில் சேர்க்கலாமா?
— வாசகி, ஊட்டி

பதில்: சேர்க்கலாம், ஆனால் முதலில் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலினும் சில வகை மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு உடற்பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கும், அளவை மாற்ற வேண்டிவரலாம். பையில் எப்போதும் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும், டிரெய்னருக்கும் அது தெரிந்திருக்கட்டும். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் அதிக பாரம், அதனால் போகும்போது ஏறி நடந்துவிட்டு வரும்போது பஸ் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவில் நெஞ்சு இறுகினாலோ தாடைக்கும் கைக்கும் வலி பரவினாலோ வாயு என்று நினைத்து உட்கார வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.