வரப்புக்குக் கூலி

ஐயா, வணக்கம்.

மண்ணையும் தண்ணீரையும் காக்கும் விவசாயிக்கு அரசு பணம் தரலாம் என்று எழுதியிருந்தீர்கள். தோல் கழிவால் பாலாறு கெட்டபோது, கெடுத்தவன் கட்டட்டும் என்றோம். விவசாயிக்கு மட்டும் கெடுக்காமல் இருக்கக் காசா? என் அப்பா வரப்பு கட்ட யாரிடமும் கை நீட்டவில்லை.

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை 1996-ல் உச்ச நீதிமன்றம் நாட்டுச் சட்டமாக ஏற்றது நம் வேலூர் வழக்கில்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. மருந்து டப்பாவை ஓடையில் கழுவுகிறவருக்குப் பைசா தரக் கூடாது.

நான் சொன்னது வேறு. மலையடிவாரக் கொல்லையில் ஒருவர் சரிவுக்குக் குறுக்கே வரப்பை உயர்த்தி, மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுகிறார். குட்டை போன இடத்தில் அவருக்கு நாலு சால் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போச்சு. தண்ணீர் ஊறுவதோ கீழே இருப்பவர் கிணற்றில். மண் வந்து மேடாகாமல் தப்புவது ஊர் ஏரி. அவர் இழந்ததை ஊர் ஈடு செய்தால் என்ன தப்பு?

உங்கள் அப்பா காலத்தில் மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டினார்கள், மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். இன்று மோட்டாருக்குக் களைப்பில்லை, கரண்டுக்குப் பில்லும் இல்லை. அதாவது, ஏற்கெனவே நாம் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், தண்ணீரை உறிஞ்சுவதற்கு! பஞ்சாபில் 2018-ல் இதைத் திருப்பிப் பார்த்தார்கள்: ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சப்படுத்தும் யூனிட்டுக்கு 4 ரூபாய். அதற்கு மீட்டர் வேண்டும். மீட்டர் என்றாலே நம்மவர்கள் முறைப்பார்கள். யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் குண்டடிபட்டு உழவர்கள் செத்த மாநிலம் இது.

பணம் எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்றும் நினைக்கவில்லை. அமெரிக்காவில் 1985 முதல், நிலத்தை உழாமல் புல்லோ மரமோ வளர்த்தால் அரசு 10, 15 வருடத்துக்கு வாடகை தருகிறது. 2007-க்குப் பிறகு தானிய விலை ஏறியதும், ஒப்பந்தம் முடிந்த பலர் மறுபடி உழ ஆரம்பித்துவிட்டார்கள்.

என் கவலை அதைவிட இங்கே இருக்கிறது. பி.எம். கிசானின் 6,000 ரூபாய் பட்டாதாரர் கணக்குக்குத்தான் போகிறது. அவர் பெங்களூரில் இருப்பார். வரப்பில் மண்வெட்டி பிடிப்பது குத்தகைக்காரர். கிராமத்துச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரை உள்ளபடி எழுதினால் பாதிச் சிக்கல் தீரும். ஆனால் குத்தகைப் பதிவு ஏறினால் நிலம் கைவிட்டுப் போகும் என்று பயந்து, சொந்தக்காரர்கள் அதைத்தான் எழுத விடமாட்டார்கள்.