தாத்தா ஏன் மங்கினார்?

கேள்வி: புதிதாக 50 எம்.எம். லென்ஸ் வாங்கினேன். அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துவாரத்தின் எண்) 1.8 வைத்து, எங்கள் தோப்பில் தாத்தா மாம்பழத்தை நீட்டுவது போல ஒரு படம் எடுத்தேன். பழம் பளிச்சென்று இருக்கிறது, தாத்தா முகம் மங்கல். லென்ஸில் கோளாறா? எண் குறைந்தால் துவாரம் பெரிதாகும் என்கிறார்களே, அது ஏன் தலைகீழாக இருக்கிறது?
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: லென்ஸில் ஒரு கோளாறும் இல்லை. 1.8-ஐ விட மாட்டேன் என்று நீங்கள் பிடித்துக்கொண்டதுதான் கோளாறு.

முதலில் அந்தத் தலைகீழ் கணக்கு. அந்த எண் ஒரு வகுத்தல். உங்கள் லென்ஸின் குவியத் தூரமான 50 எம்.எம்.-ஐ 2-ஆல் வகுத்தால் துவாரம் 25 மில்லிமீட்டர். 8-ஆல் வகுத்தால் 6 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு மாம்பழத்தை இரண்டாக வெட்டினால் துண்டு பெரிது, எட்டாக வெட்டினால் சின்னது. அவ்வளவுதான்.

இப்போது தாத்தாவுக்கு வருவோம். பலரும் முதலில் வாங்கும் ஏ.பி.எஸ்-சி சென்சார் (படம் பதியும் சில்லு ஃபுல் ஃப்ரேமை விடச் சிறியது) கேமரா என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றரை மீட்டரில் இருக்கும் பழத்தில் ஃபோகஸ் வைத்தால், 1.8-ல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர். பழத்துக்கே அது சரியாகப் போய்விடும். முகம் ஒரு கை நீளம் பின்னால் இருக்கிறது, அது எப்படித் தெளியும்? 8-க்கு மாற்றினாலும் 27 சென்டிமீட்டர்தான் கிடைக்கும், போதாது. ஆனால் பின்னால் நகர்ந்து 3 மீட்டரில் நின்று பாருங்கள். தூரம் இரட்டித்தால் ஆழம் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதே 8-ல் ஒரு மீட்டருக்கு மேல் வந்துவிடும். பழம், கை, முகம் எல்லாம் அதற்குள் அடங்கும். எண்ணை மட்டும் திருகிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தத் தூரத்தைத்தான்.

இதில் வெளிச்சம் குறையும். 1.8-லிருந்து 8-க்குப் போனால் உள்ளே வருவது இருபதில் ஒரு பங்கு. தோப்பு நிழலில் ஐ.எஸ்.ஓ.-வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 400, 800 என்று ஏற்றிக்கொள்ளுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 நொடியை விட நீள வேண்டாம், பெரியவரின் கை சற்று ஆடலாம். அதிக ஆழம் வேண்டும் என்று 22-க்கும் தாவாதீர்கள். துவாரம் அவ்வளவு சின்னதானால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறி, படம் முழுக்கக் கூர்மை குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னணி கரைந்தால்தான் நல்ல படம் என்ற எண்ணம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒகேனக்கல்லில் எடுத்த பரிசல்காரர் படங்கள் எங்களுக்கு வருகின்றன. அவருக்குப் பின்னால் இருப்பது அருவியா சுண்ணாம்புச் சுவரா என்றே தெரிவதில்லை. கல்யாண மண்டபக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் முகத்தைத் தனியே எடுக்க 1.8 அருமையான கருவி. தோப்பில் நிற்கும் தாத்தாவுக்கு அந்த மரங்களும் வேண்டும். அவற்றில் சிலவற்றை அவரே நட்டிருப்பார்.

சீசன் முடிவதற்குள் அவரை அதே இடத்தில் நிறுத்துங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று, 8 வைத்து, ஃபோகஸ் புள்ளியைப் பழத்துக்குச் சற்றுப் பின்னால், அவர் முழங்கையில் வையுங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள்.