வார்டுக்குள் வரக்கூடாத பாஸ்வேர்ட்

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையில் நூலகராக இருக்கிறேன். வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றின் மருத்துவ மின்சஞ்சிகைகளுக்குச் சந்தா கட்டியிருந்தோம். பணிப்பாளர் பணம் கட்ட அனுமதித்தார், ஒப்பந்தத்தில் ‘சம்மதம்’ என்ற பெட்டியை அழுத்தியது நான். இப்போது ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இறக்கப்பட்டதாகச் சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள், நட்டஈடும் கேட்போம் என்கிறார்கள். பக்கத்து ஆதார வைத்தியசாலை டொக்டர் ஒருவருக்கு நான் பாஸ்வேர்ட் கொடுத்தது உண்மை. பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்யும் நண்பி கட்டுரைகள் அனுப்புவாள், அவற்றை டொக்டர்மாரின் வட்ஸ்அப் குழுவில் போடுவேன். என்மேல் வழக்கு வருமா? விலையை வெளியே சொல்லக் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. கணக்காய்வில் அந்த விலைப்பத்திரத்தைத்தான் கேட்கிறார்கள்.

பதில்: பாஸ்வேர்ட்டை இன்றைக்கே மாற்றுங்கள். இணைப்பு இல்லாததால் மாற்ற முடியாவிட்டால், மாற்றித் தரும்படி பதிப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தெரிந்த பிறகு நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அந்த மின்னஞ்சலே சாட்சி. அதில் மன்னிப்பு, விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, எந்த இணைய முகவரியிலிருந்து இறக்கப்பட்டது என்ற பதிவை மட்டும் கேளுங்கள். நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஓர் இரவில் இறக்கியது நீங்கள் பாஸ்வேர்ட் கொடுத்த டொக்டரா, அவரிடமிருந்து வாங்கிய வேறு யாராவதா, விடுதியில் இருக்கும் மாணவரா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி வழக்கு. ‘வெறும் பெட்டியைத்தானே அழுத்தினேன்’ என்று நினைக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ஆனால் யார் யாரோடு செய்த ஒப்பந்தம் இது? அரச வைத்தியசாலை கம்பனியைப் போலத் தனியான சட்ட ஆள் அல்ல. அரசின் பேரில் செய்த ஒப்பந்தத்துக்கு வழக்குப் போடுவதென்றால் சட்டமா அதிபருக்கு எதிராகத்தான் போட வேண்டும், அதற்கும் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவின்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்று இருக்கும். பெரும்பாலும் பதிப்பகத்தின் ஊர்தான். ஒரு வைத்தியசாலைச் சந்தாவுக்காக அவ்வளவு தூரம் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. இணைப்பை வெட்டுவதுதான் அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம், அதை ஏற்கெனவே பாவித்துவிட்டார்கள்.

உங்களுக்குத் தனிப்பட்ட ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். அரசைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் சம்மதம் தெரிவிக்க உங்களுக்கு எழுத்தில் அதிகாரம் இருந்ததா என்று அமைச்சோ மாகாணத் திணைக்களமோ கேட்கலாம். அது நீதிமன்றத்துக்குப் போகும் விடயம் அல்ல, தாபன விதிக்கோவைப்படி ஒழுக்காற்று விசாரணையாக வரும். பணிப்பாளர் கையெழுத்திட்ட கோப்பின் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். நடந்ததைப் பணிப்பாளருக்கு நீங்களே எழுத்தில் முதலில் சொல்லிவிடுங்கள். பதிப்பகத்தின் கடிதம் அவர் மேசைக்கு உங்களுக்கு முன்னால் போனால் கதை வேறு மாதிரி ஆகிவிடும்.

பாஸ்வேர்ட் கொடுத்தது ஒப்பந்த மீறல். அதில் சந்தேகம் இல்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறி பாஸ்வேர்ட் கொடுப்பது குற்றமாகவும் ஆகலாம். கட்டுரைகளைப் பகிர்ந்தது பற்றிக் குற்றம் என்ற பேச்சு வருவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில். வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறினால் நீதவான் நீதிமன்றம் ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டப்பணமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வெளிநாட்டுச் சஞ்சிகைதானே என்ற வாதமும் எடுபடாது. வெளிநாட்டுப் படைப்புகளின் பதிப்புரிமையையும் காக்கும் பேர்ன் உடன்படிக்கையில் இலங்கை 1959இலிருந்து இருக்கிறது.

அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு நூலகங்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. இலாப நோக்கமில்லாத நூலகம், ஒருவர் கேட்டதற்காக, படிப்புக்கோ ஆய்வுக்கோ மட்டும்தான் பயன்படும் என்று திருப்திப்பட்டு, ஒரு கட்டுரையின் ஒரே ஒரு பிரதியை ஒளிப்படி முறையில் எடுத்துக் கொடுக்கலாம். திரும்பத் திரும்பச் செய்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனிச் சந்தர்ப்பமாக இருக்க வேண்டும். மாரி தொடங்கி வயல் வேலை சூடுபிடிக்கும்போது எலிக்காய்ச்சல் நோயாளர் வருவார்கள். ஒரு வைத்திய நிபுணர் சிறுநீரகப் பாதிப்பு பற்றி ஒரு கட்டுரை கேட்டால், உங்கள் நண்பி அதை அச்செடுத்து, கேட்டவரின் பெயரும் நோக்கமும் எழுதிய ஒரு துண்டோடு கொடுப்பது இந்த வாசலுக்குள் வரும் என்பது என் கருத்து. அதே கட்டுரையை வட்ஸ்அப் குழுவில் நாற்பது பேருக்குப் போடுவது வராது. அதை நிறுத்துங்கள்.

இன்னொரு சிக்கல். சட்டம் தரும் இந்த வாசலை ஒப்பந்தம் பூட்டலாமா? இங்கிலாந்தில் 2014இல் சட்டத்தைத் திருத்தி, நூலகப் பிரதி விடயத்தில் அப்படிப் பூட்டும் ஒப்பந்த வரி செல்லாது என்று ஆக்கினார்கள். எங்கள் சட்டத்தில் அப்படியொரு வரி இல்லை. அதனால் நண்பியின் பல்கலைக்கழகம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேறு நூலகங்களுக்குப் பிரதி கொடுப்பதை அனுமதிக்கிறதா என்று அவர் முதலில் பார்க்கட்டும். பார்க்காமல் அனுப்பினால் மாட்டுவது அவர்தான்.

விலை விடயத்தில் பயப்படாதீர்கள். கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்கு ஆவணங்களைப் பார்க்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரையே கொடுக்கிறது. எந்தப் பதிப்பகமும் ஒரு வரியால் அதைத் தடுக்க முடியாது. விலைப்பத்திரத்தைக் கொடுங்கள். பொதுமகன் ஒருவர் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால்தான் யோசிக்க வேண்டும். வர்த்தக இரகசியத்துக்கு அங்கே ஒரு விதிவிலக்கு உண்டு, ஆனால் பொதுநலன் பெரிதாக இருந்தால் அதுவும் நிற்காது. பக்கத்து வைத்தியசாலை என்ன விலை கட்டியது என்று தெரியாமல் நீங்கள் எப்படி பேரம் பேசுவது?

அடுத்த முறை கையெழுத்திட முன் ‘அனுமதிக்கப்பட்ட பயனாளர்’ யார் என்ற வரியில் ஒரு மணித்தியாலம் செலவழியுங்கள். உங்கள் தகராறு முழுவதும் அந்த ஒரு வரியிலிருந்து வந்தது. பல்கலைக்கழக ஒப்பந்தங்களில் விரிவுரையாளரும் மாணவரும் இருப்பார்கள், அவர்களுக்கே வார்டில் பாடம் சொல்லிக்கொடுக்கும் சுகாதார அமைச்சு டொக்டர் இருக்கமாட்டார். ஒரே நோயாளியின் கட்டிலருகே நிற்கும் இருவரில் மாணவனுக்குக் கட்டுரை திறக்கும், ஆசிரியருக்குத் திறக்காது! கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களுக்கு உங்கள் டொக்டர்மார் படிப்பிப்பதாக இருந்தால், அவர்களைப் பீடம் முறையாக வருகைதரு ஆசிரியராக நியமித்துக் கடிதம் கொடுக்குமா, அந்த நியமனம் பல்கலைக்கழக ஒப்பந்தத்தின் பயனாளர் வரிக்குள் எடுக்கப்படுமா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் சொந்த ஒப்பந்தத்தில் தாதியர், பயிற்சி டொக்டர், நூலகத்துக்கு வந்து வாசிப்பவர் எல்லோரையும் பெயர் சொல்லிச் சேருங்கள். பக்கத்து வைத்தியசாலையும் வேண்டுமென்றால் அதையும் எழுதுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

டொலர் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் இருநூறு ரூபாயாக இருந்த டொலர் சில மாதத்தில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தா உள்ளவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தானாகப் புதுப்பித்தல் வேண்டாம், விலை இத்தனை வீதத்துக்கு மேல் கூடினால் விலகலாம், விலகினாலும் பணம் கட்டிய வருடங்களின் இதழ்கள் எங்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் கேளுங்கள். முதல் மின்னஞ்சலிலேயே ‘மாற்ற முடியாது’ என்பார்கள். இரண்டாவது மின்னஞ்சலும் எழுதுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் பதிப்பகங்களோடு தொடங்கிய ஹினாரி திட்டத்தில் வைத்தியசாலை தன் பெயரிலேயே பதியலாம். நாட்டின் நிலையைப் பொறுத்து சஞ்சிகைகள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும். ஆனால் அதையே நம்பியிருக்கவும் முடியாது. 2011இல் பங்களாதேஷில் சில பதிப்பகங்கள் ஹினாரியிலிருந்து சஞ்சிகைகளை எடுத்துக்கொண்டு போனார்கள், பிறகு எதிர்ப்பு வந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். ஹினாரியிலும் பாஸ்வேர்ட் நிறுவனத்துக்குள்தான். நீங்கள் பாஸ்வேர்ட் கொடுத்த டொக்டரிடம் இதைச் சொல்லி, அவருடைய வைத்தியசாலையையும் தனியாகப் பதியச் சொல்லுங்கள்.