அத்திப் பழத்தைப் பிட்டால் உள்ளே இருப்பது என்ன?

கேள்வி: "அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்கிறார்கள். உண்மையா? அதை வீட்டிலேயே பார்க்க முடியுமா?"

நாட்டு அத்தியைப் பொறுத்தவரை பழமொழி பாதி சரி. விழுந்து கிடக்கும் பழத்தில் நெளிபவை பெரும்பாலும் ஈ, வண்டு வகைகளின் புழுக்கள். அவை பழம் கனிந்த பிறகு வந்த விருந்தாளிகள். அத்திக்கு உரியது வேறொன்று: 2 மில்லிமீட்டர் அளவுள்ள அத்திக்குளவி. குளவி என்றதும் பயப்பட வேண்டாம், நம்மைக் கொட்டாது. அதன் புழு எங்கும் ஊர்ந்து திரியாது. ஒரு பூவின் சூலகத்துக்குள்ளேயே, அதாவது விதை உண்டாகும் அறைக்குள்ளேயே பிறந்து, அதையே தின்று, அங்கேயே குளவியாகிவிடும்.

"அத்தி பூத்தாற்போல" என்று சொல்கிறோமே, அந்த அத்தி பூக்காமல் இல்லை. நாம் காய் என்று நினைப்பதுதான் பூங்கொத்து. உட்சுவர் முழுக்க ஆயிரக்கணக்கான பூக்கள். காம்புக்கு எதிர்முனையில் செதில்கள் மூடிய ஒரு கண் இருக்கும். பெண் பூக்கள் தயாரானதும் செதில்கள் கொஞ்சம் தளரும், மணம் கிளம்பும். மகரந்தம் சுமந்த பெண் குளவி அந்த இடுக்கில் நெருக்கியடித்து நுழையும்போது சிறகு முறிந்துவிடும். இனி அதற்குத் திரும்பும் வழி கிடையாது. மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, உள்ளேயே சாகும். சூலகத்தின் மேல் நிற்கும் சூல்தண்டு குட்டையாக உள்ள பூக்களில் பெரும்பாலும் குளவி வளரும், நெட்டையாக உள்ள பூக்களில் விதை.

பார்ப்பதற்குத் தேவையானவை: 10 மடங்கு கைலென்ஸ், கூரான கத்தி, பழைய துணி, தேங்காய் எண்ணெய். கத்தியில் எண்ணெய் தடவாமல் நறுக்கினால் பால் ஒட்டி, பூக்களெல்லாம் பசையாகிவிடும். காம்பிலிருந்து கண் வரை நெடுக்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் நுழைவழி தெரியாது. பால் வடிந்து நிற்கும்வரை சில நிமிடம் துணியால் ஒற்றுங்கள். அந்தக் கையோடு உங்கள் கண்ணைத் தொடக்கூடாது.

எந்தக் காயைப் பறிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அளவை நம்பாதீர்கள், காயின் கண்ணைப் பாருங்கள். செதில் இடுக்கில் மெல்லிய கண்ணாடித் தாள் துணுக்குபோல் ஏதாவது ஒட்டியிருந்தால் அது முறிந்த சிறகு. குளவி அப்போதுதான் நுழைந்திருக்கிறது. வெட்டினால் உள்ளே கருமையான உடலோடு அதைக் காணலாம், பல சமயம் ஒன்றுக்கு மேல். இதிலிருந்து அடுத்த தலைமுறை வெளியேற ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், குளிரில் இன்னும் தள்ளிப்போகும்.

குளவி வெளிவருவதைப் பார்க்க, பச்சை வெளுக்கத் தொடங்கி, அழுத்தினால் லேசாக நெகிழும் காய் வேண்டும். தோலில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் தாமதமாகிவிட்டது. ஒரு புட்டிக்கு ஒரு காய்தான், அடியில் உறிஞ்சுதாள். வாயை மஸ்லின் துணியால் கட்டுங்கள். கொசுவலைக் கண்ணில் குளவி சாவகாசமாகப் போய்விடும். மூடி போட்டு இறுக்கினால் ஆவி படிந்து, அந்தச் சொட்டிலேயே மூழ்கிச் சாகும். இளங்காயைப் பறித்திருந்தால் எதுவும் வராது, பூஞ்சை மட்டும் வரும்.

முதலில் உயிர் பெறுபவை ஆண்கள்: மஞ்சள் பழுப்பு, சிறகு கிடையாது. பெண்கள் சூலகங்களுக்குள் அடைபட்டிருக்கும்போதே அவற்றோடு இணைந்துவிட்டு, சுவரைக் கடித்துத் துளை போடும். அந்நேரம் ஆண் பூக்களும் முதிர்ந்திருக்கும். பெண் குளவி மகரந்தத்தை அள்ளி, உடலில் அதற்கென்றே உள்ள குழிவில் நிரப்பிக்கொண்டு பறக்கும். அதன் ஆயுள் ஓரிரு நாள். சொந்த மரத்தில் காய்கள் அநேகமாக ஒரே பருவத்தில் இருப்பதால், அதற்குள் வேறொரு அத்தியைத் தேடிப் பிடித்தாக வேண்டும். ஊரில் ஒற்றை அத்தியை மட்டும் விட்டுவைத்து மற்றதை வெட்டுவது ஏன் ஆபத்து என்பது இங்கே புரியும்.

புட்டியில் உடலைவிட நீண்ட வால்மயிரோடு சில குளவிகள் வரலாம். அவை மகரந்தம் சேர்ப்பவை அல்ல, காய்க்கு வெளியிலிருந்தே துளைத்து முட்டையிடும் கூட்டம். அந்த வால்மயிர்தான் துளைக்கும் ஊசி. அதில் ஓர் இனத்தின் ஊசிமுனை துத்தநாகம் ஏறிக் கடினமாகியிருப்பதை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 2014இல் காட்டினார்கள். மரத்தில் முசுறு எறும்பு இருந்தால், காய்மேல் நின்று துளைபோடும் இவற்றைப் பிடித்துத் தின்னும்.

கனிந்த பழத்தை வெட்டியதும் மணல்போல் தெரிவதை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். பொக்கென்று உடைந்து, ஒரு பக்கம் வட்டமாகத் திறந்திருந்தால் அது குளவி விட்டுப்போன அறை. கெட்டியாக வழுக்கினால் விதை. சொத்தை என்று நாம் ஒதுக்கும் இந்த அறைகளில் பல, மகரந்தம் சுமந்து கிளம்பிய குளவிகளின் கணக்கு.

சமையலுக்கு அத்திக்காய் எடுப்பவர்கள் கண் இறுக மூடிய, சிறகு ஒட்டாத பிஞ்சாகப் பறித்தால் உள்ளே பெரும்பாலும் பூ மட்டும்தான். கடையில் விற்கும் பூனா அத்தி வேறு இனம், மகரந்தச் சேர்க்கை இல்லாமலே பழுப்பது. அதைப் பிட்டுக் குளவி தேட வேண்டாம்.