பழைய பிக்கப்பில் அகல டயர் போட்டு சஸ்பென்ஷனை இறக்குவது எப்படி?

கேள்வி: வீட்டில் 1957 மாடல் செவர்லே பிக்கப் நிற்கிறது. அகல டயர் போட்டு, வண்டியை நாலு இன்ச் இறக்க ஆசை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம்தான் ஓட்டம். எப்படிச் செய்வது?

பதில்:

தாராளமாகச் செய்யலாம். ஆனால் நாலு இன்ச் வேண்டாம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டரை போதும். அதிலும் ஏறக்குறைய ஒரு இன்ச்சை டயரே இறக்கிக் கொடுத்துவிடும். அதனால் முதலில் டயர், ரிம் இரண்டையும் முடிவு செய்யுங்கள், அப்புறம் பிளேட்டில், அதாவது வண்டியைத் தாங்கும் கமான் ஸ்பிரிங்கின் எஃகுப் பட்டைகளில், கை வையுங்கள். பலரும் பிளேட்டைக் கழற்றி வண்டியை இறக்கிவிட்டு, பிறகு டயர் தேடுகிறார்கள். அப்போதுதான் மட்கார்டு உரசல் தொடங்குகிறது.

எங்கள் அப்பச்சி வைத்திருந்ததும் இதே வரிசை வண்டிதான். ஆத்தங்குடிக் கல் ஏற்றி ஓடிய வண்டி. அதன் அடியில் படுத்து வேலை பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

டயர் கணக்கைப் பாருங்கள். இப்போது 235/75 ஆர்15 போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் மொத்த உயரம் சுமார் 733 மில்லிமீட்டர். பின்னால் 255/60 ஆர்15 போட்டால் உயரம் 687தான். வித்தியாசத்தில் பாதி, அதாவது 23 மி.மீ, வண்டி தானாக இறங்கும். முன்னால் 215/70 ஆர்15 போட்டால் 682, அங்கே 26 மி.மீ இறங்கும். முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே உயரம், பின்னால் மட்டும் அகலம். அந்தக் காலத்து பிக்கப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியவில்லை. டயர் சின்னதாவதால் ஸ்பீடாமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அது 60 என்றால் உண்மையில் 56தான். ஏற்றும் எடையை அந்த டயர் தாங்குமா என்று பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் லோடு எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

முன்பக்கம் ரொம்ப அகலம் போடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது நேர் ஆக்சில், கிங்பின் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு முளை), பவர் இல்லாத ஸ்டியரிங். ரிம் வெளியே தள்ளி நின்றால் ஸ்டியரிங் கனக்கும், கிங்பின் புஷ்ஷும் வீல் பேரிங்கும் சீக்கிரம் தேயும். உள்ளே தள்ளி நின்றால் முழுதாக வளைக்கும்போது பிளேட்டிலோ ஸ்டியரிங் ராடிலோ உரசும். அதனால் ரிம்மின் அகலத்தை மட்டும் கேட்டு வாங்காமல் ஆஃப்செட்டையும் (ரிம் ஹப்பிலிருந்து எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்ற அளவு) அளந்து வாங்க வேண்டும்.

இனி பிளேட். இங்கேதான் உயிர் இருக்கிறது. கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டிப் பட்டையை உட்கார வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த எஃகின் வலுவே அதற்கு ஏற்றிய பதத்தில்தான் இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் சூடாக்கினால் பதம் போய் அங்கேயே தொய்யும், இல்லை முறியும். குளிர்ந்த நிலையிலேயே பிரஸ்ஸில் வளைவைக் குறைக்கத் தெரிந்த கமான் பட்டறைகள் மதுரையிலும் திருச்சியிலும் இருக்கின்றன. தொண்ணூறு கிலோமீட்டர் போனாலும் பரவாயில்லை, அங்கே கொடுங்கள்.

முன்பக்கத்துக்கு நான் விரும்புவது, மெயின் பிளேட்டின் கண்ணை, அதாவது முனையில் சுருட்டி போல்ட் மாட்டும் வளையத்தை, தலைகீழாக உருட்டிச் செய்வது. கண்ணின் விட்டம் அளவுக்கு, அதாவது ஒரு இன்ச் அல்லது சற்றுக் கூடுதலாக வண்டி இறங்கும். விறைப்பு அப்படியே இருக்கும், அதுதான் இதன் பெருமை. மெயினுக்கு அடியில் அடுக்கியிருக்கும் குட்டிப் பிளேட்டுகளை உருவி எடுத்தாலும் இறங்கும், ஆனால் ஸ்பிரிங் இளகிவிடும். இளகிய ஸ்பிரிங் பள்ளத்தில் இன்னும் ஆழமாக அமுங்கும், அகல டயர் நேராக மட்கார்டில் போய் முட்டும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் பின்பக்கத்தில் கீழ்க் குட்டிகளில் ஒன்று, இரண்டு. மெயினையும் அதற்கு அடுத்ததையும் தொடவே கூடாது.

பின்பக்கத்துக்குக் கட்டை வைப்பது பற்றி. முதலில் அடியில் படுத்து, பிளேட் ஆக்சிலுக்கு மேலே கிடக்கிறதா, கீழே கிடக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை இன்ச் இரும்புக் கட்டை வைத்தால் வண்டி இறங்கும். மேலே இருந்தால் அதே கட்டை வண்டியைத் தூக்கிவிடும். மேலே இருப்பதை இறக்க ஆக்சிலையே பிளேட்டுக்கு மேல் மாற்ற வேண்டும், அது ஒரே அடியாக ஐந்து இன்ச் போல இறங்கிச் சேசிஸை வெட்டிப் பலப்படுத்தும் வேலையில் கொண்டு விடும். நம் ஊருக்கு அது வேண்டாம். மரக்கட்டை, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கட்டை, முன் ஆக்சிலில் கட்டை, இந்த மூன்றும் கூடவே கூடாது. பிளேட்டை ஆக்சிலோடு பிடித்துக் கட்டும் யு போல்ட் புதிதாகவே போடுங்கள், பழையது ஏற்கெனவே இழுபட்டிருக்கும்.

ஷாக் அப்சார்பர் நீளம் குறைந்ததாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் அது அடிவரை அமுங்கி உடையும். ஆக்சில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர் ஸ்டாப்பரைப் பாதியாக வெட்டலாம், கழற்றக் கூடாது. பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சாய்வு மாறி நடுக்கம் வந்தால் பிளேட்டுக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்துச் சரி செய்யலாம்.

ஏன் இரண்டரை இன்ச்சோடு நிறுத்தச் சொல்கிறேன்? உங்கள் வண்டி அரை டன் 3100 என்றால் அதன் வீல்பேஸ், அதாவது முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம், 114 இன்ச். நடுப்பகுதி நீளம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வரையறைப்படி வேகத்தடை 10 செ.மீ உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படி இருந்தால் கவலையில்லை. ஊருக்குள் குறுகலாக, செங்குத்தாகப் போட்டு வைத்திருப்பதுதான் சைலன்சரைப் பிடுங்கும். நம் பக்கத்து வீடுகளின் சங்கதி இன்னொன்று. தரைமட்டம் உயர்த்திக் கட்டியவை. வண்டிக் கொட்டகைக்குள் ஏற்றும் சரிவு குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் பாதை அரித்துப் பள்ளம் விழும். முழு லோடில் மிகத் தாழ்ந்த பாகத்துக்கும் தரைக்கும் 15 செ.மீ இருக்கட்டும் என்பது என் அளவு.

எல்லாம் பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். சோதனைக்காக மட்டும் குட்டிப் பிளேட்டுகளைக் கழற்றி, மெயினை மட்டும் வைத்து, ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியால் ஸ்டாப்பர் முட்டும்வரை தூக்குங்கள். ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை திருப்புங்கள். டயரைச் சுற்றி எங்கும் ஒரு இன்ச் இடைவெளி இருந்தால் பூட்டலாம். மட்கார்டு விளிம்பும் பிரேக் ஹோஸும்தான் முதலில் மாட்டும் இடங்கள். ஓட்ட ஆரம்பித்துச் சில நூறு கிலோமீட்டரில் யு போல்ட்டை மறுபடி முறுக்கிவிடுங்கள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. ஆகவே வேலைக்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கழற்றிய பிளேட், ஷாக், பழைய ரிம் எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் பழைய உயரத்துக்குத் திரும்பலாம் என்ற வழி திறந்தே இருக்க வேண்டும். சேசிஸில் வெட்டு விழாத வரை அது சாத்தியம்.

பின் பிளேட் மேலேயா கீழேயா, முன் மெயின் பிளேட்டின் கண் விட்டம் என்ன, இந்த இரண்டையும் பார்த்து எழுதுங்கள். உங்கள் வண்டிக்கு எது சரிப்படும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.