இங்கிலாந்தில் நிதி வெட்டு வரும்போது, வயது வந்தோருக்கான சமூகப் பணியாளர்களுக்கு என்ன சிக்கல்?

சட்டத்துக்கும் பணத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதுதான் பெரிய சிக்கல். 2014-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி, ஒருவருக்கு உதவி தேவைப்படலாம் என்று தெரிந்தாலே உள்ளாட்சி மன்றம் அவருடைய தேவைகளை மதிப்பிட வேண்டும். தகுதியுள்ள தேவையை ‘பட்ஜெட் இல்லை’ என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. ஆனால் 2010-க்குப் பிறகு மன்றங்களுக்கான மத்திய அரசின் மானியம் பெருமளவு குறைந்துவிட்டது. 2023 செப்டம்பரில் பர்மிங்ஹாம் மன்றம், வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று சொல்லும் ‘114-ஆம் பிரிவு அறிவிப்பு’ (இது உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் பிரிவு) வெளியிட்டு, அத்தியாவசியமில்லாத புதிய செலவுகளை நிறுத்தியது. (அதற்குச் சம ஊதியக் கோரிக்கைகளும் ஒரு காரணம்.)

இந்த இழுபறி கடைசியில் பணியாளரின் தலையில்தான் விழுகிறது. பக்கவாதம் வந்த ஒரு பெண்மணிக்குக் குளிக்கவும் சாப்பிடவும் தினமும் மூன்று முறை ஆள் வேண்டும் என்று பணியாளர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவுக்கு ஒப்புதல் தரும் மேலாளர் குழு, “மகள் பார்த்துக்கொள்ள மாட்டாரா? அரை மணி நேரத்தைக் கால் மணி நேரமாக்க முடியாதா?” என்று கேட்கும். ஏற்கெனவே களைத்துப்போன மகளிடம் இதைப் போய்ச் சொல்வதும் பணியாளர்தான். மனசாட்சி உள்ளவரை இது நொறுக்கிவிடும். இதற்காகவே வேலையை விடுபவர்கள் உண்டு. அப்புறம் அவர்களுடைய கோப்புகளும் மிச்சமிருப்பவர்களுக்கு வந்து சேரும்.

முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் பகலில் வந்து உதவி பெறும் பகல்நேர மையங்கள் பல மூடப்பட்டதால், நிலைமை முற்றும் முன் உதவ வழியும் குறைவு.

நீங்கள் இந்தப் பணியில் இருந்தால், தேவையைத் தேவையாகவே பதிவு செய்யுங்கள். செலவை மனதில் வைத்து அதைக் குறைத்து எழுதாதீர்கள். குழு மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.